புள்ளி வைத்த ஆங்கிலம்: தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வாசிப்பு எப்படி வருகிறது

"ஏனுங்க டீச்சர், பையன் ஏ பி சி டி இசட் வரைக்கும் கடகடன்னு சொல்றானுங்க. புத்தகத்தைக் கையில குடுத்தா ஒரு வரி ஓடலீங்களே?"

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துச் சி.எஸ்.ஐ., ஆர்.சி. கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளிகளில் பருவத் தேர்வு முடிந்ததும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. பையன் மீது குறை இல்லை. எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்தோம். எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சி, ஏ, டி என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'சியேடி' என்றுதான் வரும். பூனையைக் குறிக்கும் 'கேட்' வராது. அந்த மூன்று பெயர்களையும் சொல்லிவிட்டு 'கேட்' என்று டீச்சர் முடிக்கிறார். பிள்ளை அதைப் பாட்டாகப் பிடித்துக்கொள்கிறது. இப்படி நூறு சொல் மனப்பாடமானாலும் நூற்றியோராவது சொல்லைப் பார்த்ததும் பிள்ளை டீச்சர் முகத்தைத்தான் பார்க்கும்.

தமிழை நாம் இப்படிக் கற்பிப்பதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'ஆனா, ஆவன்னா, கானா' என்று பெயர் இருந்தது உண்மைதான். ஆனால் 'படம்' என்ற சொல்லைப் படிக்கும்போது எந்தப் பிள்ளையும் 'பானா டானா இம்மு' என்று நிறுத்துவதில்லை. ப, ட, ம் என்ற ஒலிகளையே சேர்க்கிறது. ஆங்கிலத்திலும் அதையே செய்ய வைப்பதற்குப் பெயர்தான் ஃபோனிக்ஸ். ஒலிவழி வாசிப்பு என்று சொல்லலாம். எழுத்தைப் பார், ஒலியைச் சொல், ஒலிகளைச் சேர், சொல் கிடைக்கும்.

ஆங்கிலத்தில் எழுத்து 26தான். ஒலிகளோ ஏறத்தாழ 44. தமிழில் எழுத்து 247 இருந்தாலும், 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்தால் மற்றவை கூட்டிப் பிறப்பவை. எண்ணிக்கையைப் பார்த்து ஆங்கிலம் சுலபம் என்று நினைக்கிறோம். படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு நிலைமை நேர்மாறு. தமிழில் எழுத்து பெரும்பாலும் தன் ஒலியைத் தானே காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு ஒலி தரும்.

எழுத்தில் இருக்கும் குழப்பம் வாசிப்பவனை எவ்வளவு தடுக்கும் என்பதை உணர்ந்தவர் வீரமாமுனிவர் (1680–1747). அவருக்கு முன்பு எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும், ஒகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு புள்ளியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஓலைச்சுவடியில் புள்ளி பெரும்பாலும் விடுபட்டுப்போகும். அவர் ஏ, ஓ என்று வடிவத்தையே பிரித்துக் காட்டினார். ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு முனிவர் வாய்க்கவில்லை. அதனால் எழுத்தில் நடக்காத சீர்திருத்தத்தைப் பாடம் நடத்தும் முறையில் நாம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் புள்ளி

ஆங்கிலேயக் குழந்தைக்கு ஒலியைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. டீச்சர் 'ப்' என்று சொல்ல நினைத்து 'ப' என்றோ 'பு' என்றோ சொல்லிவிடுவார். பிள்ளை 'பு-இ-னு' என்று சேர்த்தால் 'பின்' எப்படி வரும்? மெய்யொலியோடு ஒட்டிக்கொள்ளும் இந்தக் கூடுதல் உயிர்தான் ஒலிவழி வாசிப்பைக் கெடுக்கும் முதல் தவறு.

தமிழ்ப் பிள்ளைக்கு இதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது: மெய்யின் தலையில் வைக்கும் புள்ளி. 'ப' வேறு, 'ப்' வேறு என்பதை அது முதல் வகுப்பிலேயே கண்ணால் பார்க்கிறது. 'ப் + இ = பி' என்று கூட்டல் கணக்குப்போல எழுதுகிறது. வெளிநாட்டுப் புத்தகங்கள் பல பக்கம் விளக்கும் ஒலிச் சேர்க்கை என்பது நம் உயிர்மெய் அட்டவணைதான். ஆகவே முதல் வகுப்பில் தமிழ் உயிரும் மெய்யும் ஓரளவு பிடிபடும் வரை ஆங்கில எழுத்தைத் தொடாமல் ஐந்தாறு வாரம் பொறுப்பது நல்லது. அந்த வாரங்களில் ஆங்கிலம் காதுக்கும் வாய்க்கும் மட்டும் போகட்டும்: பாட்டு, 'சிட் டவுன்', 'கம் ஹியர்', பொருளின் பெயர்கள். தமிழ் எழுத்துக்குத் தரும் நேரம் ஆங்கிலத்திலிருந்து பிடுங்கப்பட்ட நேரம் என்று தாளாளரோ பெற்றோரோ வருந்தினால் உயிர்மெய் அட்டவணையைக் காட்டி விளக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் மெய்யை 'இக், இங், இச்' என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்துத்தான் சொல்வார்கள். தமிழ் வகுப்பில் அது பெயர், இருக்கட்டும். ஆங்கில ஒலி சொல்லும்போது அந்த இகரத்தைக் கழற்ற வேண்டும். 'இஸ்' என்று சொல்லச் சொல்லி, பாம்பு சீறுவதுபோல 'ஸ்ஸ்ஸ்' என்பதை மட்டும் நீட்டச் சொன்னால் இரண்டு நாளில் கழன்றுவிடும்.

முதலில் காது

எழுத்து அட்டையை எடுப்பதற்கு முன் பிள்ளைக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: சொல் என்பது ஒலிகளால் ஆனது, அவற்றைப் பிரிக்கலாம், சேர்க்கலாம். தெரியாத ஆங்கிலச் சொல்லை வைத்து இதைத் தொடங்கக் கூடாது. நம் வீட்டுப் பேச்சிலேயே ஆங்கிலச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. பஸ், கப், பேக், பென், பின், பெட், ஜக், மக், டின், செட். தறிக்குடோன் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பாபினும் ஷட்டிலும் தெரியும். தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்குப் பம்பு தெரியும். பனியன் கம்பெனி வீட்டில் லேபிள், பட்டன், கட்டிங் எல்லாம் அன்றாடப் பேச்சு. இவற்றின் பொருளைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை; ஒலியை மட்டும் கவனித்தால் போதும்.

தரையில் சாக்பீஸால் மூன்று கட்டம் வரையுங்கள். பிள்ளை கையில் மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். டீச்சர் 'பின்' என்கிறார். பிள்ளை 'ப்' என்று சொல்லி முதல் கட்டத்தில் ஒரு கொட்டை, 'இ' என்று இரண்டாவதில், 'ன்' என்று மூன்றாவதில் நகர்த்துகிறது. பிறகு விரலால் மூன்று கட்டத்தையும் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் தடவி 'பின்' என்கிறது. தமிழ் படித்த பிள்ளை முதல் நாள் இரண்டு கொட்டைதான் வைக்கும்: 'பி', 'ன்'. தவறில்லை. அதன் காதில் 'பி' ஓர் எழுத்து. "சாமி, பி-யைப் பிரிச்சா என்ன வரும்?" என்று தமிழ்ப் பாடத்தை நினைவுபடுத்தினால் மூன்றாவது கொட்டை தானாக வரும். தினம் ஐந்து நிமிடம், ஆறு சொல் போதும். இரண்டு வாரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பிடிக்காத பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். சளி பிடித்த காதோடு பல மாதம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் உண்டு.

முதல் ஆறு எழுத்து

ஏ-யிலிருந்து இசட் வரை வரிசையாகக் கற்பிப்பது அகராதி பார்ப்பதற்கு உதவும், வாசிப்புக்கு உதவாது. முதல் நான்கு எழுத்தை வைத்து உருப்படியாக எத்தனை சொல் எழுத முடியும்? இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் வரிசை வேறு: எஸ், ஏ, டேப்பில் வரும் டி, பென்னில் வரும் பி, ஐ, என். இந்த ஆறு ஒலிகளை மட்டும் வைத்து ஸிட், ஸேட், பின், டின், டேப், பேன், நேப், டிப் என்று இருபதுக்கும் மேற்பட்ட சொற்களைப் படித்துவிடலாம். இரண்டாவது வாரமே பிள்ளை தானாக ஒரு சொல்லைப் படிக்கிறது என்பதுதான் இதன் பலம். அந்த நாளில் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஏ ஃபார் ஆப்பிளுக்குத் திரும்ப யாருக்கும் மனம் வராது.

இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த தொகுப்பில் மட்டும் நமக்கேற்ற மாற்றம் வேண்டும். தமிழில் அப்படியே இருக்கும் ம், ல், ர் ஆகியவற்றையும், கேட்டில் வரும் சி, ஈ எழுத்தின் எகர ஒலி ஆகியவற்றையும் முன்னால் கொண்டுவாருங்கள். பஸ்ஸில் வரும் பி, நாயைக் குறிக்கும் டாக்கில் வரும் டி, கேஸில் வரும் ஜி மூன்றையும் பின்னால் தள்ளுங்கள். காரணம் அடுத்த பகுதியில்.

வாரத்துக்கு மூன்று ஒலி போதும். நான்காவது நாள் பழையதைத் திருப்பவும், ஐந்தாவது நாள் சொல்வதை எழுதவும் வேண்டும். ஜூலை நடுவில் தொடங்கினால் விடுமுறை, விளையாட்டு விழா, தேர்வு எல்லாம் போக, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் 26 எழுத்தின் அடிப்படை ஒலிகளும் முடியும். மூன்றாம் பருவத்துக்கு இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலி தருபவை: ஷிப்பின் தொடக்கம், மோவாயைக் குறிக்கும் 'சின்' என்பதன் தொடக்கம், ரிங்கின் முடிவு, ட்ரீயின் நீட்டம்.

எழுத்து அட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம். பனியன் பெட்டி, புடவைப் பெட்டி அட்டையைப் பத்து சென்டிமீட்டருக்கு ஏழு சென்டிமீட்டராக வெட்டினால் கடைசி வரிசைக்கும் தெரியும். உயிரெழுத்து சிவப்பு, மெய்யெழுத்து நீலம். முழுவதும் சின்ன எழுத்து. பெரிய எழுத்தைப் பெயரின் தொடக்கத்துக்கும் வாக்கியத் தொடக்கத்துக்கும் பின்னால் கொண்டுவரலாம்; பிள்ளை படிக்கும் வரியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சின்ன எழுத்துதானே இருக்கிறது.

நாற்பது நிமிடப் பாடவேளையை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ஐந்து நிமிடம் புளியங்கொட்டை விளையாட்டு. எட்டு நிமிடம் புதிய ஒலி: கேள், சொல், எழுத்தைப் பார், காற்றில் எழுது, சிலேட்டில் எழுது. பத்து நிமிடம் சேர்த்துப் படிப்பது. பத்து நிமிடம், டீச்சர் சொல்லச் சொல்ல நாலு கோடு நோட்டில் ஆறு சொல் எழுதுவது. மீதி ஏழு நிமிடம் ஒரு வரியோ இரண்டு வரியோ படித்து, அதன் பொருளைத் தமிழில் பேசுவது. எழுதும் பகுதியை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது கைக்குப் பயிற்சி, அவ்வளவுதான். காதால் கேட்டு எழுதும்போதுதான் ஒலி எழுத்தாகிறது.

சேர்த்துப் படிப்பதில் ஒரு நுட்பம். ஸ், ம், ந், ல், ர், ஃப் ஆகியவற்றை மூச்சு உள்ளவரை நீட்டலாம். ப், ட், க் ஆகியவற்றை நீட்ட முடியாது. ஆகவே முதலில் நீட்டக்கூடிய ஒலியில் தொடங்கும் சொல்லைக் கொடுங்கள்: 'ஸ்ஸ்ஸ்-இஇஇ-ட்', ஸிட். 'ம்ம்ம்-எஎஎ-ன்', மென். ஒலிகளுக்கு நடுவே மூச்சை நிறுத்தாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகச் சொல்லுங்கள். நிறுத்தி நிறுத்திச் சொல்லும் பிள்ளை, மூன்றாவது ஒலிக்கு வருவதற்குள் முதல் ஒலியை மறந்துவிடுகிறது. 'பென்', 'கேட்' எல்லாம் அதற்கு அப்புறம்.

நம் நாக்கு எங்கே இடறுகிறது

இந்தக் கட்டுரையில் 'பென்னில் வரும் பி', 'பஸ்ஸில் வரும் பி' என்று சுற்றி வளைக்க வேண்டியிருப்பதே சிக்கலைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்து, இரண்டு ஒலி. தமிழில் ஒரே எழுத்து. க, ட, த விஷயமும் இதுதான். ஆனால் அந்த இரண்டு ஒலிகளும் நம் வாயில் இல்லாமல் இல்லை. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள்: முதல் ப பென்னில் வருவது, ம்-க்குப் பின்னால் வரும் ப பஸ்ஸில் வருவது. 'காங்கேயம்' என்ற ஊரின் பெயரில் முதல் கா ஒரு ஒலி, ங்-க்குப் பின்னால் வரும் கே இன்னொரு ஒலி. கோவை, கோபி என்று இரண்டு ஊர்ப் பெயரையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். எழுத்து ஒன்று, கோவையின் தொடக்கம் வேறு, கோபியின் தொடக்கம் வேறு. பேருந்துப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதும்போது கோவைக்குக் கே, கோபிக்கு ஜி.

பிள்ளை இந்த இரண்டு ஒலிகளையும் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டும் வேறு என்று கவனிக்க அதற்கு இதுவரை தேவை ஏற்படவில்லை. கவனிக்க வைப்பதுதான் பாடம். 'பம்பரம்' சொல்லச் சொல்லி, 'பம்' என்பதை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு மீதியை மட்டும் வெளியே சொல்லச் சொன்னால் பஸ்ஸின் பி கிடைக்கும். வாய்க்கு முன்னால் காகிதத்தைப் பிடி, பென்னின் பி-க்குக் காகிதம் அசையும் என்று ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்கள் சொல்லும். தமிழ் பேசும் வாயில் பகரத்துக்கு அவ்வளவு மூச்சு வெளியே வராது, காகிதம் அசையாது, பிள்ளை குழம்பும். தொண்டையில் விரல் வைத்து அதிர்வைப் பார்ப்பதுதான் நமக்குச் சரிப்படும்.

இந்த இணைகளைப் பின்னால் தள்ளச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பஸ்ஸின் பி-யும் டாக்கின் டி-யும் சின்ன எழுத்தில் கண்ணாடி பார்த்தாற்போல இருக்கும். ஒலியிலும் குழப்பம், வடிவத்திலும் குழப்பம் என்று இரண்டையும் ஒரே வாரத்தில் ஏற்றினால் மூன்றாம் வகுப்பு வரை தீராது. இரண்டுக்கும் நடுவே மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள்.

அடுத்தது 'இஸ்கூல்', 'புக்கு', 'கப்பு'. இதைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று சிரிக்கும் டீச்சர் ஒரு இலக்கண விதியைப் பார்த்துச் சிரிக்கிறார். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் ஸ்கூலுக்கு முன்னால் ஓர் இகரம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் புக்குக்குப் பின்னால் ஓர் உகரம். பிள்ளையின் நாக்கு தன் தாய்மொழியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. ஆனால் பேச்சோடு நிற்காமல் அந்த உகரம் எழுத்திலும் ஏறிவிடும். 'கப்' எழுதச் சொன்னால் கடைசியில் ஒரு யூ சேரும். சொல் முடிந்ததும் விரித்த கையை இறுக்கி மூடச் சொல்லுங்கள். கை மூடினால் வாயும் மூட வேண்டும். ஸ்கூல், ஸ்டாப், க்ளாஸ் போன்ற இரட்டை மெய்த் தொடக்கங்களை மூன்றெழுத்துச் சொற்கள் உறுதியான பிறகு தொடங்குங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று இரண்டு நொடி நீட்டி, பிறகு 'கூல்'.

எகரத்தில் தொடங்கும் சொல்லை நாம் யகரம் சேர்த்துத்தான் பேசுகிறோம். 'எட்டு' பேச்சில் 'யெட்டு'. அதேபோல எக் 'யெக்' ஆகும், ஓப்பன் 'வோப்பன்' ஆகும். வாசிப்பை இது பெரிதாகக் கெடுக்காது. காதில் சரியாக விழவிட்டுக் கடந்துபோகலாம்.

உயிரெழுத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது. 'கேட்', 'மேட்' என்று நாம் எழுதும் ஏ எழுத்தின் குறுகிய ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. ஆவுக்கும் ஏவுக்கும் நடுவே நிற்கும் ஒலி அது. ஆ சொல்லும் அளவுக்கு வாயைத் திறந்து, உதட்டின் ஓரங்களை ஏ சொல்வதுபோல இழுக்கச் சொன்னால் கிட்டத்தட்ட வரும். அதைவிடப் பெரிய குழப்பம் யூ எழுத்து. கப், பஸ், நட்டு, பம்பு எல்லாவற்றிலும் நம் காதுக்குக் கேட்பது அகரம். பிள்ளைக்கு முதன்முதலில் எழுதத் தெரிந்த ஆங்கிலச் சொல் தன் பெயர். கவிதா, சரவணன் என்ற பெயர்களில் அகரத்துக்கெல்லாம் ஏ போட்டுப் பழகிவிட்டது. ஆகவே 'கப்' எழுதச் சொன்னால் நடுவில் ஏ போடும். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிக்காதீர்கள். பெயரில் ஒரு விதி, ஆங்கிலச் சொல்லில் வேறு விதி என்று சொல்லி, மேலே சொன்ன நான்கு சொற்களையும் படத்தோடு சுவரில் ஒட்டுங்கள். கப், பஸ், நட்டு, பம்பு: நான்கிலும் நடுவில் யூ. சந்தேகம் வரும்போதெல்லாம் பிள்ளை சுவரைப் பார்க்கும்.

சொல்லின் கடைசியில் வந்து, தான் ஒலிக்காமல் முன்னே இருக்கும் உயிரை மாற்றும் ஈ எழுத்தை இரண்டாம் வகுப்பில் எடுக்கலாம். கிட் என்பதன் பின்னால் அதைச் சேர்த்தால் கைட், பட்டம். பின் என்பதன் பின்னால் சேர்த்தால் பைன், ஒரு மரம். ஆங்கிலேயப் பிள்ளைக்கு இதை மந்திர எழுத்து என்று கதை கட்டிச் சொல்வார்கள். நமக்குக் கதை வேண்டாம். 'கொ' எழுதிக் காட்டுங்கள். கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் க. இரண்டு குறியும் சேர்ந்து ஓர் உயிர், நடுவில் மெய் மாட்டிக்கொண்டிருக்கிறது. பைனிலும் அப்படித்தான்: என் எழுத்தின் இரு பக்கமும் ஐயும் ஈயும் நின்று, சேர்ந்து ஓர் உயிரொலி தருகின்றன. கொ, கோ எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இது புதிதல்ல.

'தி', 'வாஸ்', 'ஸெட்', 'யூ' போன்ற, விதிக்கு அடங்காத, ஆனால் வரிக்கு வரி வரும் சொற்களை வாரத்துக்கு இரண்டு மூன்றாகக் கொடுங்கள். அவற்றையும் முழுப் படமாக மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். 'ஸெட்' என்பதில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காகவே ஒலிக்கின்றன. நடுவில் இருக்கும் ஏ, ஐ இரண்டு மட்டும்தான் வம்பு செய்கின்றன. அந்த இடத்தை வட்டமிட்டு, அதை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் சுமை மூன்றில் ஒன்றாகும்.

மனப்பாட வசனம்: பலமும் பொறியும்

லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக டபிள்யூ. பி. ஆடிஸ் 1830இல் கோவைக்கு வந்த காலத்திலிருந்து இந்தப் பகுதியில் மிஷன் பள்ளிக்கும் வாசிப்புக்கும் நெருங்கிய உறவு. வேதத்தை (பைபிளை) ஒவ்வொருவரும் தாமே படிக்க வேண்டும் என்ற எண்ணமே பள்ளிக்கூடத்தைத் திறக்க வைத்தது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையும் (சி.எஸ்.ஐ.) அந்தப் பள்ளிகளை ஏற்று நடத்துகிறது. காலை ஜெபம், பாட்டு, வாரத்துக்கு ஒரு மனப்பாட வசனம் என்ற வழக்கம் இன்றும் உண்டு. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் இருப்பார்கள். பாட்டு எல்லோருக்கும் பிடிக்கும்.

மொழி கற்பதற்கு இது பெரிய சொத்து. தினமும் அதே ஆங்கில வரியைச் சரியான ஏற்ற இறக்கத்தோடு பாடும் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் ஓசை காதில் ஊறுகிறது. கை தட்டிப் பாடும்போது சொல்லின் அசைகள் பிரிகின்றன. ஆனால் இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. பைபிளின் 23ஆம் சங்கீதத்தை ஆங்கிலத்தில் தடங்கலின்றிச் சொல்லும் பிள்ளை அதைப் படிக்கிறது என்று டீச்சரும் தாளாளரும் பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள். பிள்ளையின் விரல் மூன்றாவது சொல்லில் நிற்கும். வாய் ஒன்பதாவது சொல்லில் இருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. வரியை ஓர் அட்டையால் மூடி, நடுவில் ஒரே ஒரு சொல் தெரியும்படி சின்னச் சன்னல் வெட்டிக் காட்டுங்கள். "கண்ணு, இது என்ன?" படிக்கத் தெரிந்த பிள்ளை ஒலியைச் சேர்க்க முயலும். மனப்பாடப் பிள்ளை வசனத்தை முதலிலிருந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும். உதடு அசைவதே காட்டிக்கொடுக்கும். இன்னும் உறுதியாகத் தெரிய, பொருளே இல்லாத சொற்களைக் கொடுக்கலாம்: 'மிப்', 'டெம்', 'லஸ்'. இங்கிலாந்தில் 2012 முதல் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் வாசிப்புச் சோதனையில் 40 சொற்களில் 20 இப்படிப்பட்டவைதான். எங்கும் கேட்டிராத சொல்லை மனப்பாடத்திலிருந்து எடுக்க முடியாதல்லவா.

பொறி என்பதற்காக வசனத்தைக் கைவிட வேண்டாம். அதையே வாசிப்புப் பாடமாக்கலாம். பிள்ளைகளுக்கு நன்றாக வாயில் பழகிய ஒரு வரியை நீளமான அட்டைக் கீற்றில் பெரிதாக எழுதுங்கள். விரல் வைத்து, ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு என்று சேர்ந்து சொல்லுங்கள். பிறகு பிள்ளைகள் கண்முன்னாலேயே கீற்றைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துவிடுங்கள். இப்போது அடுக்கச் சொல்லுங்கள். அடுக்குவதற்கு முதல் எழுத்தின் ஒலியையாவது பார்த்தே ஆக வேண்டும். ஒன்றாக ஒட்டிக் கேட்ட வரியில் எத்தனை சொல் இருக்கிறது என்று பல பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரியவரும்.

பொருள் இல்லாத வாசிப்பு

காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் ஒரு எளிய சமன்பாடு தந்தார்கள்: வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை 'லாஸ்ட்' என்று சரியாகப் படித்துவிட்டு, தொலைந்துபோனது என்று அறியாவிட்டால் அது வாசிப்பு ஆகாது.

பொருளுக்கான வழி தமிழ்தான். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம், தோப்புக்கரணம் என்ற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது குழந்தையின் வாயை மூடும். புரியவில்லை என்று கேட்கும் ஒரே கருவியைப் பிடுங்கும். மாறாக, கதையை முதலில் தமிழில் முழுதாகச் சொல்லுங்கள். நூறு ஆட்டில் ஒன்று காணாமல் போக, தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அதைத் தேடிப்போன மேய்ப்பனின் கதையை எடுத்துக்கொள்வோம். தாராபுரம், காங்கேயம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பட்டி என்றால் என்ன, ஒரு ஆடு குறைந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்றெல்லாம் நாம் விளக்க வேண்டாம். அவர்கள் நமக்கு விளக்குவார்கள். பேசி முடித்ததும் அந்தக் கதையிலிருந்து ஒலிசேர்த்துப் படிக்கக்கூடிய சொற்களை மட்டும் எடுத்து நான்கு வரி எழுதுங்கள்: மேன், ஹில், லாஸ்ட், ரேம், ரன், பென். பென் என்பது பேனாவுக்கு மட்டுமல்ல, ஆட்டுப்பட்டிக்கும் அதே சொல் என்று சொன்னால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். திருப்பூர்ப் பள்ளிகளில் ஒடியா, இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்குப் படமும் நடிப்பும் கூடுதலாகத் தேவை. பக்கத்தில் தமிழும் இந்தியும் தெரிந்த ஒரு பிள்ளையை உட்கார வைத்தால் பாதி வேலை முடியும்.

யார் பின்தங்குகிறார் என்று தெரிய

சேர்ந்து கோரஸாகப் படிக்கும் வகுப்பில் படிக்கத் தெரியாத பிள்ளை ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அந்த முப்பது பேரையும் தனித்தனியே கேட்க நேரமில்லை என்று தோன்றும். தினம் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு நிமிடம். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்துக்குள் இது முடிந்துவிடும். ஆறு வேலை நாளில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வரும். ஒரு நோட்டில் பெயருக்கு நேரே மூன்றே குறிப்பு: எந்த ஒலி தெரியவில்லை, சேர்க்கிறதா, பொருள் சொல்கிறதா. மதிப்பெண் வேண்டாம்.

2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறது. இந்த நோட்டு கையில் இருந்தால் அந்தப் பிரிப்பை அனுமானத்தில் செய்ய வேண்டியிராது. நான்காம் வகுப்புக்கு வந்தும் மூன்றெழுத்துச் சொல் படிக்காத பிள்ளை கிடைத்தால், நான்காம் வகுப்புப் புத்தகத்தை அதன் முன் திறந்து வைப்பதில் பயனில்லை. முதல் ஆறு எழுத்திலிருந்தே தொடங்குங்கள். ஆனால் குழந்தைப் படங்கள் வேண்டாம். பத்து வயதுக்கு அது அவமானம். சட்டை லேபிளும் பஸ் பலகையும் ஊர்ப் பெயரும் பாடப் பொருளாகட்டும். மதிய உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம், மூன்று பேருக்கு மேல் சேர்க்காமல், மற்ற பிள்ளைகள் பார்க்காத இடத்தில் நடத்துங்கள். தெரிந்த ஒலிகளை வேகமாகத் தாண்டுவார்கள். எந்த ஒலியில் நிற்கிறார்களோ அதை அன்றைய தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். மறுநாள் அதிலிருந்து தொடங்கலாம்.